தேர்வு வாரத்துலயே கச்சேரி, கையில பகுதி நேர வேலை: கொயரை விடவா, தொடரவா?

ஆல்டோ_மூவரில்_ஒருத்தி கேட்டது

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

முதுகலை முதல் வருஷம், புள்ளியியல். பல்கலைக்கழகக் கொயர்ல (பல குரலாச் சேர்ந்து பாடுற குழு) ரெண்டாம் ஆல்டோ, அதாவது பெண் குரல்கள்ல ரொம்பக் கீழ இருக்குற வரி, பாடுறேன். நான் சேர்ந்தப்போ ரெண்டாம் ஆல்டோவுல ஏழு பேர் இருந்தோம், இப்போ மூணு பேர்தான். ரிகர்சல் செவ்வாயும் வியாழனும், சாயங்காலம் ஆறரைலேர்ந்து ஒன்பது வரைக்கும். போன வருஷம் வரைக்கும் இதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. இந்தப் பருவத்துலேர்ந்து ஒரு வாடிக்கையாளர் சேவை மையத்துல பகுதி நேரமா சேர்ந்திருக்கேன். ஃபோன்ல பேசுற வேலை. திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம், அப்புறம் சனிக்கிழமை முழுக்க. அந்தப் பணம் எனக்கு வேணும், அதனால வேலையை விடுறது பத்தி யாரும் சொல்ல வேண்டாம்.

இந்த முறை பாடப்போறது ஆர்கெஸ்ட்ராவோட ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடுற பெரிய படைப்பு. நடுவுல கொயர் எட்டு குரலாப் பிரியுது, அங்க ரெண்டாம் ஆல்டோவுக்குத் தனி வரி. அதைப் பாட நாங்க மூணு பேர் மட்டும். கச்சேரி ஞாயித்துக்கிழமை. அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஒரு தேர்வு, அடுத்த செவ்வாய் இன்னொண்ணு. கடைசி ஆர்கெஸ்ட்ரா ரிகர்சல் புதன்கிழமை, எனக்கு வேலை இருக்குற நாள். ரெண்டு ரிகர்சலுக்கு மேல வராதவங்க மேடை ஏற முடியாதுன்னு எங்க கொயர்ல விதி.

புதன் ராத்திரி வேலை முடிஞ்சு வந்தா வியாழக்கிழமை தொண்டை ஒத்துழைக்க மாட்டேங்குது. கீழ் ஸ்வரங்கள் எப்படியோ வந்துடுது. மேல பி, சி பக்கம் போனா பாதி காத்துதான் வருது. ரிகர்சல் முடிஞ்சு ரூமுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தா ஒரு வரியை மூணு தடவை படிக்கிறேன்.

கூடப் படிக்கிறவங்க "இந்த வருஷம் மட்டும் விட்டுடு"ன்னு சொல்றாங்க. அவங்க நல்லதுக்குத்தான் சொல்றாங்க. ஆனா எனக்குப் பாட்டு வேணும். வேலையும் படிப்பும் இருந்துக்கிட்டே கொயர்ல இருந்தவங்க, இருக்குறவங்க, எப்படிச் சமாளிச்சீங்கன்னு சொல்லுங்க. ஸ்வரம் எப்போ கத்துக்கிட்டீங்க? கொயர் மாஸ்டர்கிட்ட என்ன பேசினீங்க?

இரவுப்பணி_ஆல்டோ

தங்கச்சி, நானும் ரெண்டாம் ஆல்டோதான். மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் இரவுப் பணி பார்த்துக்கொண்டே முதுகலை படித்தேன். அந்தக் காலம் முழுக்கக் கொயரிலும் இருந்தேன், இன்றும் பாடுகிறேன். உன் கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன் வாரத்தில் ரிகர்சலுக்குப் போவது ஐந்து மணி நேரம். இதை வெட்டினால் ஐந்து மணி நேரம் கூடுதலாகப் படிக்கலாம் என்று உன் தோழிகள் கணக்குப் போடுகிறார்கள். எனக்குத் தெரிந்து அந்தக் கணக்கு யாருக்கும் தேறியதில்லை. ரிகர்சலில் நம்மை உருக்குலைப்பது ஸ்வரம் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் நேரம்தான். வரி தெரியாதபோது பக்கத்தில் நிற்பவள் குரலைப் பிடித்துக்கொண்டு அரை மாத்திரை பின்னால் ஓடுவோம். தாடை இறுகும், மூச்சு நெஞ்சுக்கு மேலேயே நிற்கும், கண் தாளை விட்டு நிமிராது. இரண்டரை மணி நேரம் அப்படித் துரத்திவிட்டு வந்தால் புத்தகம் எப்படி ஏறும்? வரி தெரிந்து போன நாளில் அதே இரண்டரை மணி நேரம் பாடிவிட்டு வந்து நான் நிம்மதியாகப் படித்திருக்கிறேன்.

ஆகவே ஸ்வரத்தை வெளியே கற்றுக்கொள், ரிகர்சலில் மற்ற குரல்களைக் கேள். நான் சொல்ல வந்தது இதுதான். மற்றதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பதற்கான விவரம்.

இது முடியுமா என்று சந்தேகம் வந்தால் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக் கொயரை நினைத்துக்கொள். அங்கே 16 சிறுவர்களோடு சேர்ந்து கீழ்க் குரல்களைப் பாடுகிறவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். பருவம் நடக்கும்போது பெரும்பாலான மாலைகளில் வழிபாட்டில் பாடுகிறார்கள். மற்ற மாணவர்களைப் போலவே கட்டுரையும் கொடுக்க வேண்டும், தேர்வும் எழுத வேண்டும். ரிகர்சல் நேரம் அவர்களுக்கு மாறுவதில்லை என்பது ஒரு வசதி. அதைவிடப் பெரியது, தாளைப் பார்த்ததும் பாடத் தெரிந்திருப்பது. புதிய உருப்படிகள் வந்துகொண்டே இருக்கும் இடத்தில் ஒரே வரியை மாதக்கணக்கில் காதால் கேட்டு மனப்பாடம் செய்ய வழியே இல்லை. சைட் ரீடிங் என்பது ஏதோ இசைக் கல்லூரிக்காரர்களுக்கான திறமை என்று நிறையப் பேர் ஒதுக்கிவிடுகிறார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் அது மற்ற எல்லாரையும் விட அவசியம். அது நேரத்தை மிச்சம் பிடித்துத் தரும்.

இப்போது உன் தாளுக்கு வருவோம். முதலில் பென்சில் எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் உன் வரி எது என்று ஓரத்தில் குறி போடு. எட்டுக் குரலாகப் பிரியும் பக்கங்களில் வரிகள் இடம் மாறி அச்சாகியிருக்கும். பக்கம் புரட்டிய வேகத்தில் முதல் ஆல்டோவின் வரிக்குள் போய் விழுந்தால் மீண்டு வர நாலைந்து பார் (தாளில் கோடு போட்டுப் பிரித்த தாளக் கட்டம்) ஆகிவிடும். பிறகு படைப்பு முழுவதையும் ஒருமுறை பார்த்து, எது ஏற்கெனவே வருகிறது, எது ஒரு தடவை பார்த்தால் வந்துவிடும், எதற்குத் தனியாக உட்கார வேண்டும் என்று பிரி. பெரிய படைப்பாக இருந்தாலும் தனியாக உட்கார வேண்டிய பக்கங்கள் குறைவாகவே இருக்கும். ஃபியூக் (ஒரே மெட்டை ஒவ்வொரு குரலாக எடுத்துக்கொண்டு நுழைவது) வரும் இடம், ஸ்ருதி மாறும் இடம், நீண்ட ஓய்வுக்குப் பிறகு யார் துணையும் இல்லாமல் நுழையும் இடம். அங்கே மட்டும் உழை. முழுப் பாட்டையும் முதலிலிருந்து முடிவு வரை பாடிப் பார்ப்பது சுகமாக இருக்கும், ஆனால் தெரிந்ததையே திரும்பப் பாடிக்கொண்டிருப்போம்.

நுழைவு ஸ்வரத்தை மனதில் வைத்துக்கொள்ள முயலாதே, யாரிடமிருந்து எடுப்பது என்று கண்டுபிடி. பெரும்பாலும் டெனரோ (உயர்ந்த ஆண் குரல்) சொப்ரானோவோ (உயர்ந்த பெண் குரல்) ஒன்றிரண்டு பார் முன்னால் அதே ஸ்வரத்தை ஏதோ ஒரு ஸ்தாயியில் பாடியிருப்பார்கள். அதை வட்டமிட்டு உன் வரிக்கு ஒரு கோடு இழு. என் தாள்களில் அச்சை விடப் பென்சில் கோடுகள்தான் அதிகம்.

கஷ்டமான இடத்தைக் கடைசியிலிருந்து கற்றுக்கொள். கடைசி எட்டு பார், அது வந்த பின் அதற்கு முந்தைய எட்டைச் சேர்த்துப் பாடு. இப்படிச் செய்தால் பாடப் பாடத் தெரிந்த இடத்தை நோக்கியே போவாய், பயம் கூடாது. ஒரே நாளில் ஒரு மணி நேரம் உட்காரவும் வேண்டாம். நினைவாற்றலை ஆராய்ந்த ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் தன்னையே சோதனைக்கு வைத்து 1885இல் எழுதியதைக் கேள்விப்பட்டிருப்பாய். ஒரே மூச்சில் திரும்பத் திரும்பப் படிப்பதை விட, நாட்களில் பரப்பிப் படிப்பது நிற்கும். காலையில் பத்து நிமிடம் குரலோடு, படுக்கும் முன் சில நிமிடம் சத்தமில்லாமல் தாளை மட்டும் பார்த்து. வேலைக்குப் போகும் வழியில் வார்த்தைகளைத் தாளத்தோடு மனதுக்குள் ஓட்டு. தெரியாத மொழிப் பாட்டில் நாக்குத்தான் முதலில் தடுக்கும், ஸ்வரம் இல்லை.

உனக்குச் சரளி வரிசை பழக்கம் உண்டா? இருந்தால் பாதி வேலை முடிந்தது. மேஜர் ஸ்கேல் என்பது சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சேரா குளோவரும் ஜான் கர்வெனும் வளர்த்த டானிக் சோல்-ஃபா முறையில் முதல் ஸ்வரமான 'டோ' ஒரே இடத்தில் நிற்காது, ஷட்ஜத்தைப் போலவே ஸ்ருதியோடு நகரும். எந்த ஸ்ருதியாக இருந்தாலும் ச எங்கே என்று கண்டுபிடித்துவிட்டு உன் வரியை ஸ்வரமாகப் பாடிப் பார். ஆல்டோ வரி பெரும்பாலும் குறுகிய எல்லைக்குள் சுற்றிச் சுற்றி வரும், ஒரே ஸ்வரத்தில் ஐந்தாறு தடவை நிற்கும். அது கேட்க எளிது, பிடிக்கக் கடினம். ப-வில் நிற்கிறோமா க-வில் நிற்கிறோமா என்று தெரிந்துவிட்டால் ஸ்ருதி இறங்காது.

கடைசியாகக் கொயர் மாஸ்டர். இந்த வாரமே போய்ப் பேசு. தேர்வு நாட்கள், வேலை நாட்கள், ரிகர்சல் நாட்கள் மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோ. எந்த நாள் வர முடியாது, எந்த நாள் தாமதம், வராத நாளில் நடந்ததை எப்படிப் பிடிப்பாய் என்று அதிலேயே இருக்கட்டும். "முயற்சி பண்றேன் சார்" என்று மட்டும் சொல்லாதே, அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவர் எதையும் திட்டமிட முடியாது.

வருகைக் கணக்கை மட்டும் பார்த்து மேடை ஏற்றும் விதி எனக்கு உடன்பாடில்லை. எல்லா நாளும் வந்து வாயசைத்துவிட்டுப் போகிறவர் தேறிவிடுகிறார். ஸ்வரம் முழுக்கத் தெரிந்தும் வேலையில் மாட்டிக்கொண்டவள் வெளியே நிற்கிறாள். இங்கே கொயர் நடத்துகிறவர்கள் இருந்தால் இதைப் பற்றிப் பேசுங்கள்.

டெனர்_நின்றபடி

அக்கா சொன்னதுல ஒண்ணே ஒண்ணு மட்டும் சேர்க்கிறேன். எனக்கு நோட்டேஷன் சரியா வராது. பார்ட் ட்ராக்தான், அதாவது என் வரியை மட்டும் பாடி வெச்ச பதிவுதான், எனக்குக் கை கொடுக்குது. ஃபோன்ல வேகத்தைக் குறைச்சு, ஒரு காதுல மட்டும் இயர்ஃபோன் போட்டுக்கிட்டு, ரயில்ல நின்னபடியே கேப்பேன். எல்லாரும் சைட் ரீடிங் கத்துக்கிட்டுத்தான் கொயர்ல இருக்கணும்னா என்னை மாதிரி பாதிப் பேர் வீட்டுக்குப் போகணும். தங்கச்சிக்கு இன்னும் சில வாரம்தான் இருக்கு. இப்போ எது சீக்கிரமோ அதைச் செய்யட்டும்.

நடத்துநர்_முன்னால்

கேட்டதால் எழுதுகிறேன். மாணவர் கொயர் ஒன்றை நடத்துகிறேன். கேள்வி கேட்டவரின் கொயர் எது என்று தெரியாது, எங்களிடமும் இதே போன்ற விதி இருந்தது.

முதலில் எங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு சொப்ரானோவில் ஒருவர் வராவிட்டால் அன்றைய ரிகர்சல் நடக்கும். மூன்று ரெண்டாம் ஆல்டோவில் ஒருவர் வராவிட்டால் நான் கேட்பது கச்சேரியில் வரப்போகும் ஒலியே இல்லை. மூவர் இருந்தால் மூச்சை மாற்றி மாற்றி எடுத்து நீண்ட ஸ்வரத்தை அறுபடாமல் தாங்கலாம். இருவர்தான் என்றால் ஒருவர் மூச்சு எடுக்கும் கணத்தில் மற்றவர் குரல் தனியாக வெளியே நிற்கும். அதோடு, இரண்டு குரல்கள் ஒரே ஸ்வரத்தில் நின்றால் சிறிய ஸ்ருதி வித்தியாசமும் பளிச்சென்று கேட்கும், மூன்றாவது குரல் சேர்ந்ததும் அது ஒரு குழுவின் ஒலியாக மாறிவிடும். ஆகவே அம்மா, நீங்கள் வராத நாளில் மற்ற இருவரின் சுமை கூடுகிறது. அதை உங்கள் மனதை நோகடிக்கச் சொல்லவில்லை. உங்கள் மாஸ்டர் எதை நினைத்துப் பயப்படுகிறார் என்று தெரிந்தால் நீங்கள் அவரிடம் பேசுவது எளிதாகும்.

ஆனால் எல்லா ரிகர்சலும் ஒரே எடை உள்ளவை அல்ல. இதை நாங்கள் மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்வதில்லை, சொல்ல வேண்டும். முதல் சில வாரங்கள் ஸ்வரம் படிக்கும் வாரங்கள். அவற்றில் ஒன்று தவறினால் வீட்டில் பிடித்துவிடலாம். நடு வாரங்களில் உச்சரிப்பு, மூச்சு எடுக்கும் இடம், எங்கே சத்தம் கூடிக் குறைய வேண்டும் என்பதெல்லாம் முடிவாகும். அதில் தவறினால் பக்கத்தில் நிற்பவரின் தாளைப் பார்த்துக் குறிகளை நகலெடுக்கலாம். கடைசியில் ஆர்கெஸ்ட்ராவோடு சேரும் ரிகர்சலுக்கு மட்டும் மாற்று கிடையாது. பியானோவோடு கேட்ட நுழைவு ஸ்வரம் அங்கே ஒரு வயோலாவிடமோ கொம்பு வாத்தியத்திடமோ இருக்கும். ஒலி பின்னாலிருந்து தாமதமாக வருவது போலத் தோன்றும், காதை நம்பினால் பின்தங்குவீர்கள், நடத்துநரின் கையைப் பார்த்தே பாட வேண்டும். நிற்கும் வரிசையும் அன்றுதான் முடிவாகும். உங்கள் புதன்கிழமையை எப்பாடுபட்டாவது விடுவித்துக்கொள்ளுங்கள். மற்ற எதையாவது விட்டுக்கொடுத்தாலும் அதை விடாதீர்கள்.

நாங்கள் விதியை மாற்றியது இப்படி. கச்சேரிக்கு மூன்று வாரம் முன்பு குரலுக்கு ஒருவராக நால்வரை முன்னால் நிறுத்தி, தாளில் ஏதோ ஒரு பக்கத்தைச் சொல்லிப் பாட வைக்கிறேன். பக்கம் எது என்று முன்கூட்டித் தெரியாது. அதில் தன் வரியைத் தாங்குகிறவர் மேடை ஏறலாம், வருகைப் பதிவு எப்படி இருந்தாலும். ஆர்கெஸ்ட்ரா ரிகர்சல் மட்டும் எல்லாருக்கும் கட்டாயம். இதற்குப் பிறகு வேலைக்குப் போகும் மாணவர்கள்தான் நன்றாகத் தயாராகி வருகிறார்கள். உங்கள் மாஸ்டரிடம் இந்தச் சோதனையை நீங்களே கேட்டுப் பெறலாம். "எட்டுக் குரல் பகுதியை மற்ற ஏழு பேரோடு தனியாகப் பாடிக் காட்டுகிறேன்" என்று சொல்லும் பாடகியை மறுக்க எந்த நடத்துநருக்கும் மனம் வராது.

இன்னொன்று, இது என்னைப் போன்றவர்களுக்கு. தேர்வு வாரத்தில் கச்சேரி வைப்பது மாணவர்கள் செய்யும் காரியம் அல்ல. பருவத் தொடக்கத்திலேயே முழு ரிகர்சல் அட்டவணையையும், எந்த நாள் கட்டாயம் என்ற குறிப்போடு, கையில் கொடுத்துவிட வேண்டும். ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள வேண்டிய பிள்ளைக்கு அந்த ஒரு தாள் எவ்வளவு பெரிய உதவி என்பது அவர்களிடம் கேட்டால்தான் தெரியும்.

ஓரத்து_பேஸ்

எல்லாரும் எப்படித் தொடர்றதுன்னு சொல்றீங்க. ஒரு பருவம் நின்னுட்டு வர்றதும் மரியாதையான வழிதான்னு யாராவது சொல்லணும், அதனால நான் சொல்றேன். கடைசி வருஷ ப்ராஜெக்ட் சமயத்துல நான் சொல்லிட்டு விலகி, அடுத்த பருவத்துல அதே இடத்துக்குத் திரும்பி வந்தேன். என் நாற்காலி அங்கேயே இருந்துச்சு.

யேல் பல்கலைக்கழகத்துல விஃபன்பூஃப்ஸ்னு 1909லேர்ந்து இருக்குற மாணவர் பாட்டுக் குழுவுல பாடினவங்க பல பேர், படிப்புக்கு ஒரு வருஷம் விடுப்பு போட்டுட்டு ஊர் ஊராப் போய்ப் பாடியிருக்காங்க. அவங்க ரெண்டையும் ஒரே நேரத்துல இழுத்துக்கிட்டு ஓடல, ஒண்ணை நிறுத்திட்டு இன்னொண்ணைச் செஞ்சாங்க. வாரா வாரம் ரிகர்சல்ங்கிறது ஒண்ணுதான் வழின்னும் நினைக்க வேணாம். 1989ல ஆரம்பிச்ச உலக இளைஞர் கொயர்ல 17லேர்ந்து 26 வயசு வரைக்கும் உள்ளவங்க பல நாட்டுலேர்ந்து வந்து கூடுவாங்க. ஸ்வரத்தை வீட்டுலயே கத்துக்கிட்டு வரணும், சேர்ந்து இருக்குற கொஞ்ச நாள்ல தீவிரமாப் பாடிக் கச்சேரி கொடுத்துட்டுக் கலைஞ்சுடுவாங்க. அதே மாதிரி ஒரு கச்சேரிக்கு மட்டும் கூடுற சின்னக் குழுக்கள் நிறைய இருக்கு. விடுமுறைல அப்படி ஒண்ணுல பாடலாம்.

ஆனா தங்கச்சி, ஒண்ணு. நிக்கிறதா இருந்தா இப்பவே நில்லு. கச்சேரிக்குப் பத்து நாள் முன்னாடி நின்னா மீதி ரெண்டு பேர் கதி என்ன?

ஆல்டோ_மூவரில்_ஒருத்தி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா சொன்ன மாதிரியே மூணு அட்டவணையையும் ஒரே தாள்ல போட்டு எடுத்துக்கிட்டுப் போனேன். எழுதும்போதே எனக்குப் பாதி பாரம் இறங்கிடுச்சு, நான் பயந்த அளவுக்கு நாட்கள் முட்டிக்கல. மாஸ்டர் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, தேர்வுக்கு முந்தின நாள் வர்ற வியாழனை விட்டுடலாம்னார், புதன் ஆர்கெஸ்ட்ரா ரிகர்சலுக்குக் கட்டாயம் வரணும்னார். எட்டுக் குரல் பகுதியை அடுத்த வாரம் பாடிக் காட்டுறேன்னு நானே சொல்லிட்டேன். வேலைல கூட இருக்குற ஒருத்தங்க புதனுக்குப் பதிலா ஞாயிறு காலைல மாத்திக்கலாம்னாங்க. ஞாயிறுதான் கச்சேரி, அதனால அது முடியாது. வேற ஆள் தேடிக்கிட்டிருக்கேன்.

பேஸ் அண்ணா, நீங்க சொன்னதை நிஜமாவே யோசிச்சேன். நிக்க வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். விடுமுறைக் குழு யோசனையை அடுத்த வருஷத்துக்கு வெச்சிருக்கேன்.

மிச்சம் இருக்குறது தொண்டைதான். புதன் வேலை, வியாழன் ரிகர்சல். இதுக்கு ஏதாவது வழி இருக்கா? அப்புறம் கச்சேரி வாரத்துல பாடினா படிப்பு கெடுமா, இல்ல படிச்சா பாட்டு கெடுமா?

இரவுப்பணி_ஆல்டோ

பேசிவிட்டாயே, அது போதும். டெனர் தம்பி, பார்ட் ட்ராக் பற்றி நீங்கள் சொன்னது இந்த முறைக்குச் சரி. ஒரு வேண்டுகோள் மட்டும்: வேறு யாரோ பாடிய ட்ராக்கைக் கேட்பதற்குப் பதில், உங்கள் வரியை நீங்களே மெதுவாகப் பாடிப் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். எங்கே ஸ்ருதி இறங்குகிறது என்று அப்போதுதான் காதில் படும். கச்சேரி முடிந்த பிறகு வாரம் ஒரு பக்கமாவது ட்ராக் இல்லாமல் படித்துப் பழகுங்கள்.

தங்கச்சி, தொண்டைக்கு வருகிறேன். ஒரு பெண் சாதாரணமாகப் பேசும்போது குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 200 தடவை சேர்ந்து பிரிகின்றன. நிறுத்தாமல் ஒரு மணி நேரம் பேசினால் ஏழு லட்சத்தைத் தாண்டும். இப்படிப் பார்த்தால் நீ புதன்கிழமையே பெரிய கச்சேரி ஒன்றைக் கொடுத்துவிட்டுத்தான் வியாழன் வருகிறாய். ஆகவே குரலைக் காப்பாற்ற வேண்டிய இடம் வேலைதான்.

சுற்றிலும் எல்லாரும் பேசும் இடத்தில் நம்மை அறியாமலே குரலை உயர்த்துவோம். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லோம்பார் 1911இல் விவரித்த விஷயம் இது. இரண்டு காதையும் மூடும் ஹெட்செட் போட்டால் நம் குரலே நமக்குச் சரியாகக் கேட்காது, இன்னும் உயர்த்துவோம். ஒரு காதைத் திறந்து வை, அல்லது உன் குரல் உனக்கே திரும்பக் கேட்கும்படி ஹெட்செட்டில் அமைப்பு இருந்தால் அதைக் கூட்டு. மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுவா. அழைப்புக்கு அழைப்பு ஒரு வாய் தண்ணீர். தொண்டை கரகரத்தால் செருமாதே, விழுங்கு. குரல் களைத்தால் கிசுகிசுப்பாகப் பேசலாம் என்று நினைப்போம், அதுவும் பலருக்குக் குரல்நாண் பகுதியை இறுக்குகிறது. மெதுவாக, குரலோடு பேசு. வேலை முடிந்து திரும்பும் வழியில் யாரோடும் பேசாதே.

அன்றிரவே உறிஞ்சுகுழல் பயிற்சி செய். டம்ளரில் தண்ணீர், குழலின் நுனி இரண்டு விரல் ஆழத்தில். குழல் வழியே 'ஊ' என்று கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே சறுக்கு, குமிழி ஒரே சீராக வர வேண்டும். இங்கோ டிட்சே என்ற குரல் விஞ்ஞானி இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார். குழலுக்குள் உண்டாகும் எதிர் அழுத்தம் குரல்நாண்கள் மோதும் வேகத்தைத் தணிக்கிறது. ஐந்து நிமிடம் போதும். வியாழன் ரிகர்சலுக்கு முன்னும் ஐந்து நிமிடம்.

ரிகர்சலில் முழுக் குரலில் பாடியே ஆக வேண்டும் என்று இல்லை. உயர்ந்த இடங்களை ஒரு ஸ்தாயி கீழே பாடு, அல்லது அரைக் குரலில் பாடு. ஓபராப் பாடகர்களே ரிகர்சலில் இப்படித்தான் செய்வார்கள். மாஸ்டரிடம் முன்னதாகச் சொல்லிவிடு, இல்லாவிட்டால் அவர் ஆல்டோ கேட்கவில்லை என்று நினைத்து எல்லாரையும் கத்த வைப்பார். வரிசையின் ஓரத்தில் நிற்க இடம் கேள். கொயரில் பாடுகிறவர்கள் தங்கள் குரல் மற்றவர்களின் ஒலியை விடச் சராசரியாக 6 டெசிபெல் கூடுதலாகத் தங்கள் காதில் விழ வேண்டும் என்று விரும்புவதாக சுவீடனின் ஸ்டென் டெர்ன்ஸ்ட்ரோம் அளந்து எழுதியிருக்கிறார். நெருக்கமாக நின்றால் அது கிடைக்காது, கிடைக்கும் வரை தொண்டையைத் தள்ளுவோம். ஓரத்தில் ஒரு பக்கம் ஆள் இல்லை, தள்ள வேண்டிய அவசியமும் குறையும். இத்தனையும் செய்தும் கரகரப்பு இரண்டு மூன்று வாரம் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிடு, கச்சேரி முடியட்டும் என்று தள்ளிப் போடாதே.

கச்சேரி வாரம் பற்றிக் கேட்டாய். கோதன்பர்க்கில் 18 வயதுப் பிள்ளைகளைச் சேர்ந்து பாட வைத்து இதயத் துடிப்பை அளந்து 2013இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நீண்ட அடிகளைப் பாடும்போது எல்லாருடைய மூச்சும் ஒரே ஒழுங்குக்கு வருகிறது, துடிப்பின் ஏற்ற இறக்கமும் அதோடு சேர்ந்து போகிறது. நீண்ட அடி பாடிய மாலைகளில் மனம் அடங்குவதை நாமெல்லாம் உணர்ந்திருக்கிறோம். படிப்பைக் கெடுப்பது தூக்கம் போவதுதான். புதன் இரவு ரிகர்சல் முடிந்து வந்ததும் படுத்துவிடு. வெள்ளிக்கிழமைத் தேர்வுக்குரிய கடினமான பாடங்களைத் திங்களுக்குள் முடித்து, புதனையும் வியாழனையும் திருப்பிப் பார்க்க மட்டும் வைத்துக்கொள். வெள்ளி மாலையும் சனியும் உனக்கு வேலை இருக்கிறது. அதில் சனியையாவது மாற்றிக்கொள்ளப் பார், புதனை விட எனக்கு அதுதான் கவலை. ஞாயிறு மேடை ஏறப்போகும் தொண்டை முந்தைய நாள் முழுக்க ஃபோனில் பேசக் கூடாது. மாற்றிக்கொள்ள ஆள் கிடைத்தால் வாய்ப் பேச்சாக விடாதே, மேற்பார்வையாளருக்கு ஒரு செய்தி அனுப்பி அவர் சரி என்று பதில் போட்டதைப் பத்திரமாக வைத்துக்கொள்.